சம்பளத்துக்கு வெளியே

"உத்தியோகம் தவிர என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? அதைப் பற்றி எழுதி அனுப்புங்கள்" என்று ஆசிரியர் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. சுலபமான கேள்வியாகத்தான் பட்டது. எழுத உட்கார்ந்ததும் அந்தத் 'தவிர' என்ற வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். உத்தியோகம் எந்த இடத்தில் முடிகிறது, மற்றது எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று முப்பது வருஷமாகத் தெளிவாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பத்து மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை சங்கம், மீதி என்னுடையது. இப்போது அந்தக் கோடு இருந்த இடம் தெரியவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில். பெயர் நீளம், கட்டிடம் சின்னது. முன்னால் கவுண்டர், பின்னால் உர கோடவுன், பக்கத்தில் ரேஷன் கடை. குடியிருப்பது கும்பகோணத்தில். தினமும் பஸ் பிடித்து, அரசலாறு தாண்டி, வலங்கைமானில் குடமுருட்டி தாண்டி, வெட்டாறு வருவதற்கு முன்னால் இறங்கிக்கொள்ள வேண்டும். க.நா.சு. பிறந்த ஊர் வழியாகத் தினம் இரண்டு தடவை போகிறவன் என்று இளவயதில் ஒரு கடிதத்தில் பெருமையடித்துக்கொண்டேன். அந்த நண்பர் பதில் போடவில்லை.

1991இல் சேர்ந்தேன். அடுத்த வருஷம் ஜூனில் அறுபது. அதோடு சரி. ரிடையர் ஆனதும் முழுநேரமும் எழுத்து என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். "இருபது வருஷமா இதையேதான் சொல்றீங்க. அப்ப இத்தனை நாள் எழுதினதெல்லாம் என்ன?" என்று மனைவி ஒரு தடவை கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கணக்குச் சொல்லிவிடுகிறேன்.

கவிதைகள், பத்தொன்பது. இதில் பதினொன்று இந்த மாதிரிப் பத்திரிகைகளில் வந்தவை. அவற்றில் நான்கை இப்போது வாசிக்கச் சகிக்கவில்லை. ஒரு காலத்தில் மௌனி மொத்தம் இருபத்துச் சொச்சம் கதைகள்தானே எழுதினார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. குறைவாக எழுதுவதும் எழுத வராமலிருப்பதும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். எழுதுகிறவனுக்கு வித்தியாசம் தெரியும்.

நாவல் ஒன்று, 312 பக்கம் வரை வந்து நின்றது. அதை நிறுத்தியதுதான் நான் இலக்கியத்துக்குச் செய்த ஒரே விமர்சனக் காரியம். காவிரிக்கரைக் குடும்பம் ஒன்றின் கதை. படித்துறை வருகிறது, ஈரப்புடவை வருகிறது, சாயங்கால வெளிச்சம் தண்ணீரில் விழுகிறது, எங்கிருந்தோ சங்கீதம் கேட்கிறது. ஒருநாள் ராத்திரி முதலிலிருந்து படித்துப் பார்த்தபோது, அந்த ஆற்றை நான் பார்த்ததே இல்லை, படித்திருக்கிறேன் என்பது புரிந்தது. அது தி. ஜானகிராமன் பார்த்த ஆறு. அவர் பார்த்தார், எழுதினார். நான் அவர் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு பொதுவான விஷயமும் இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து வந்த பெரிய எழுத்தில் காவிரி பெரும்பாலும் படித்துறையோடு நின்றுவிடுகிறது. குளிக்க, துவைக்க, தர்ப்பணம் பண்ண, ஒருத்தியை ஒருத்தன் பார்க்க. மதகு தாண்டி வாய்க்காலுக்குள் இறங்கிய தண்ணீர் என்ன ஆகிறது என்பதில் யாருக்கும் அவ்வளவு சிரத்தை இல்லை. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதில் ஆரம்பித்து, 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரை எரித்ததில் போய் முடிந்த பிறகுதான் இந்திரா பார்த்தசாரதிக்குக் 'குருதிப்புன'லும், ரொம்பப் பின்னால் சோலை சுந்தரபெருமாளுக்குச் 'செந்நெ'லும் எழுதத் தோன்றியது. வயலைத் தமிழ் நாவல் திரும்பிப் பார்க்க அத்தனை பெரிய நெருப்பு தேவைப்பட்டிருக்கிறது. நான் மட்டும் யோக்கியமா? வயல் நடுவில் முப்பது வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து படித்துறையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதுதான் நோட்டு. இதைப் பற்றி நண்பர்கள் சிலருக்கே தெரியும்.

டவுன்காரன் நான். அப்பா கும்பகோணம் பெரிய தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். நெல் வயல் என்பது பஸ் ஜன்னலுக்கு வெளியே பச்சையாக ஓடுவது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் தையில் ஒருவர் கவுண்டருக்கு வந்து, "எல்லாம் சாவியாப் போச்சு சார்" என்றார். "எந்தச் சாவி? எங்கே வச்சீங்க?" என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூன்று மா சம்பா அவருக்கு மணி பிடிக்காமல் வைக்கோலாக நின்றது. அதைத்தான் சாவி என்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், உபயோகமில்லாத பழைய பேரேடு ஒன்றில் அந்த வார்த்தையை எழுதிவைத்தேன். வெட்கத்தில் எழுதினது, ஆராய்ச்சி நோக்கமெல்லாம் கிடையாது.

பிறகுதான் பதரும் கருக்காயும் வந்தன. உமி இருந்து உள்ளே அரிசி இல்லாதது பதர். பாதி பிடித்து நின்றது கருக்காய். பயிரே மொத்தமாகப் பொய்த்தது சாவி. மூன்றுக்கும் மூன்று விதமான துக்கம். பதர் எப்போதும் கொஞ்சம் இருக்கும், தூற்றினால் பறந்துவிடும், அதற்காக யாரும் அழமாட்டார்கள். கருக்காய் விழுந்தால் விலை போகாது. சாவி என்றால் அந்த வருஷமே இல்லை. பயிர்க் காப்பீட்டுப் பாரத்தில் மூன்றுக்கும் சேர்த்து மகசூல் இழப்பு, இத்தனை சதவீதம் என்று ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்புவது என் உத்தியோகம். கட்டத்தில் அடங்காததை நோட்டில் எழுதுவது உத்தியோகம் தவிர்த்தது. அப்படித்தான் ரொம்ப நாள் பிரித்து வைத்திருந்தேன்.

அளவைகளும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. அடங்கலில் ஹெக்டேர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் வாயில் குழி, மா, வேலி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்றால் 33 சென்ட், ஏறக்குறைய 0.13.5 ஹெக்டேர். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டிருக்கிறேன். பெரிய பண்ணைகளில் களத்தில் நெல் அளந்த ஒருவர், முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணமாட்டோம், 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்போம் என்று சொன்னார். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். பன்னிரண்டானால் கலம். "யாருக்கு லாபம்னு கேக்காதீங்க" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அளந்து கொட்டின நெல்லில் அவருடையது ஒரு மணி கிடையாது.

கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தது 1982இல். அதைப் படித்தபோது, இது சம்சாரி செய்கிற வேலை, குமாஸ்தா செய்கிற வேலை அல்ல என்று ஒதுக்கிவிட்டேன். கொங்குப் பகுதிக்குப் பெருமாள்முருகன் 2000இல் செய்தார். 2007இல் கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி வந்தது. விருத்தாசலத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே செய்த காரியம் அது. அன்றைக்கு என் சாக்கு போய்விட்டது. நோட்டை முறையாக எழுத ஆரம்பித்தேன். சொல், அதைச் சொன்னவர் என்ன வேலை செய்கிறவர், எந்த ஊர், எதைப் பற்றிப் பேசும்போது சொன்னார், நான் முதலில் என்னவென்று தப்பாகப் புரிந்துகொண்டேன். இந்தக் கடைசி விவரம் எந்த அகராதியிலும் இருக்காது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தப்பாகப் புரிந்துகொண்டது என்னைப் போன்றவனின் தமிழ், சொல் அவர்களுடையது.

இன்றைய தேதிக்கு 1,140 சொற்கள். தாளடி என்பது முன்போகத்தின் தாள் நிற்கிற வயலை மடக்கி உழுது நடுகிற பயிர். அண்டை வெட்டுவது என்றால் வரப்பின் பக்கங்களைச் சீவிச் சேறு பூசி எலிவளை அடைப்பது. முடி என்றால் நாற்றுக்கட்டு, தலைமயிர் இல்லை. குறுவை நெல்லோடு ஒட்டடான் நெல்லைக் கலந்து விதைத்து, முதலில் குறுவையை அறுத்துக்கொண்டு, ஒட்டடானை மறுபடி வளரவிட்டுத் தையில் அறுக்கிற முறை ஒன்று இங்கே இருந்தது. உடு என்று அதற்குப் பெயர். அதைக் கண்ணால் பார்த்தவர்களே இப்போது கொஞ்சம்தான். வேலை போனால் சொல் போய்விடுகிறது. நடவு மிஷின் வந்த இடத்தில் முடி கட்டுகிறவர் இல்லை. அறுவடை மிஷின் ஓடின தடத்தில், அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் தெளித்து முளைத்திருந்த உளுந்து நசுங்கிப் போகிறது. அதோடு அந்த உளுந்துத் தெளிப்பைச் சுற்றியிருந்த பேச்சும்.

ஆனால் இதை ஒப்பாரியாக எழுத எனக்கு இஷ்டமில்லை. புதுச் சொற்களும் வருகின்றன. மிஷின் நடவுக்குப் பாய் நாற்றங்கால். அறுக்க டயர் வண்டியா, பெல்ட் வண்டியா என்று கேட்கிறார்கள். சேறு ஆழமாக இருந்தால் பெல்ட். இவற்றையும் எழுதியிருக்கிறேன். நோட்டைப் பார்த்த ஒரு பேராசிரிய நண்பர், "டயரையும் பெல்ட்டையும் எடுத்துவிடுங்கள், தூய வழக்கு மட்டும் இருக்கட்டும்" என்றார். லஸ்கர் என்ற சொல்லை என்ன செய்வது என்று கேட்டேன். மதகுப் பலகையை ஏற்றி இறக்குகிற அரசாங்க ஆளுக்கு இங்கே லஸ்கர் என்றுதான் பெயர். நான்கு தலைமுறையாக விவசாயி கெஞ்சுவதும் திட்டுவதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். அவர் பதில் சொல்லாமல் காபி குடித்தார்.

வரிசைப்படுத்துவதில்தான் இரண்டு வருஷம் போயிற்று. அகர வரிசை வேண்டாம் என்று முடிவுசெய்தேன். தண்ணீர் வருகிற வழியிலேயே சொற்களையும் வைப்பதாக உத்தேசம். ஜூன் 12 மேட்டூர் திறப்பில் ஆரம்பித்து (திறந்த வருஷங்களில், 2024இல் ஜூலை 28 ஆயிற்று, 2025இல் சரியாக ஜூன் 12), மூன்று நான்கு நாளில் கல்லணை, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, ஆற்றிலிருந்து அரசாங்கம் 'ஏ', 'பி', 'சி' என்று எழுத்தால் குறிப்பிடுகிற, ஊர்க்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வாய்க்கால்களுக்கு வந்து, தலைமடை, கடைமடை, மடை, வரப்பு, வயல். பிறகு வயலிலிருந்து வடிகால். புத்தகம் வடிகாலில் முடியும்.

இந்த வரிசையில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தயங்கியது அதனால்தான்.

2021 பிப்ரவரி 5ஆம் தேதி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியைச் சட்டசபையில் அறிவித்தார்கள். 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய். அறிவிப்பு ஒரு நிமிஷம். பட்டியல் எழுதுகிறவனுக்கு ஒரு மாதம். அந்த மாதத்தில் ஒருநாள் காலை ஒரு பெரியவர் கவுண்டருக்கு வந்தார். எழுபதைத் தாண்டினவர். நாற்பது வருஷம் பண்ணை ஒன்றில் தண்ணீர் கட்டினவர். சொந்த நிலம் கிடையாது. மகளும் மருமகனும் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு இரண்டு மா எடுத்துச் சாகுபடி செய்தார்கள். வாய்ப்பேச்சுக் குத்தகைக்குக் காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால் சங்கத்தில் கடன் இல்லை. வெளியே வட்டிக்கு வாங்கியிருந்தார்கள். அதற்கும் தள்ளுபடி உண்டா என்று கேட்க வந்திருந்தார். இல்லை என்றேன். "தெரியும் சார். மக கேட்டுட்டு வரச் சொன்னிச்சு" என்றார். பஸ் வர நேரமிருந்ததால் திண்ணைப் பக்கம் ஜன்னலோரமாக நின்றார்.

என் நோட்டு விஷயம் அவருக்குத் தெரியும். முன்னால் ஏழெட்டுச் சொற்கள் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் ஆரம்பித்தார்.

"புதுத்தண்ணி வந்ததும் வயல் ஒடனே நனைஞ்சிராது சார். கோடையில வெடிச்சுக் கெடக்குமில்ல, அந்த வெடிப்புல எறங்கும். எறங்கறப்ப உள்ள இருக்கற காத்து வெளிய வரும். ராத்திரில வரப்புல நின்னா ஒரு சத்தம் கேக்கும், வயல் முழுக்க. அதுக்கு நாங்க ஒண்ணு சொல்லுவோம்" என்று, அந்தச் சொல்லைச் சொன்னார்.

கையில் பேனா இருந்தது. அதன் கீழே தள்ளுபடிப் பட்டியலின் ஏழாவது பக்கம் இருந்தது. உள்ளேயிருந்து செயலாளர் ஏதோ சான்றிதழுக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மத்தியானம் எழுத உட்கார்ந்தபோது சொல் இல்லை. மூன்று எழுத்தோ நான்கு எழுத்தோ, நடுவில் ஒரு 'ற'. அவ்வளவுதான் மிச்சம். குமுறல் இல்லை, உறிஞ்சல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகளையும் 'ற' வருகிற சொற்களுக்காகப் புரட்டியிருக்கிறேன். கண்ணில் பட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். படவில்லை.

அவர் ஊர் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். போய்க் கேட்டிருக்கலாம். மார்ச் ஆண்டுக் கணக்கு முடியட்டும் என்று இருந்தேன், பிறகு தேர்தல் முடியட்டும் என்று இருந்தேன். ஏப்ரல் கடைசியில் கொரோனா இரண்டாவது அலை. மே மாதம் அவர் செத்துப்போனார். கொரோனாவா, வயசா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது ஊரில் கேட்டிருப்பேன். "நெலம் தண்ணி குடிக்குதும்போம்" என்றவர்கள் அநேகம். "அந்தச் சத்தமா? கேட்டிருக்கேன், பேரு தெரியாது" என்றவர்கள் சிலர். ஒரு அம்மாள், "அதுக்கெல்லாமா பேரு வைப்பாங்க?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவருடைய ஊரிலேயே யாருக்கும் தெரியவில்லை. ஒருவேளை அவர் வேலை பார்த்த பண்ணையில் நாலைந்து பேருக்குள் புழங்கிய சொல்லாக இருக்கலாம். அவரே உண்டாக்கியதாகவும் இருக்கலாம். நோட்டில் அந்த இடத்தில் பொருள் எழுதியிருக்கிறது, சொன்னவர் விவரம் எழுதியிருக்கிறது. சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

உத்தியோகம் ஒரு சொல்லைத் தின்றுவிட்டது என்று அந்த வருஷம் நண்பர்கள் சிலருக்குக் கடிதம் எழுதினேன். எல்லாரும் அனுதாபப்பட்டார்கள். குமாஸ்தாவாக இருக்கிற எழுத்தாளன் மீது எழுத்தாளர்கள் சுலபமாக அனுதாபப்படுவார்கள். ஒருவர் மட்டும் இரண்டு வரி எழுதினார்: நீங்கள் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருக்காவிட்டால் அவர் அதை யாரிடம் சொல்லியிருப்பார்? 1,140இல் எத்தனை சொல் கவுண்டரில் வந்தது என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். எண்ணூற்றுச் சொச்சம். மீதியில் பாதி பஸ்ஸில். லீவு போட்டுக்கொண்டு, பையில் நோட்டும் பேனாவுமாகச் சொல் சேகரிக்கவென்றே போன நாட்களில் கிடைத்தவை நூறுகூடத் தேறாது. அப்படிப் போனால் எதிரில் இருப்பவர் நல்ல தமிழ் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. சங்கத்தின் பேரேட்டில் கணக்கு வைத்திருப்பவர்கள் என் நோட்டில் அதிகம் இல்லை. கணக்கு இல்லாமல் கூட வந்து நிற்பவர்கள், முதலாளியின் பாஸ்புக்கைக் கொண்டுவருகிறவர்கள், ஜாமீன் கையெழுத்துக்கு வந்தவர்கள், யூரியா மூட்டையைத் தூக்கிப்போக வந்தவர்கள், இவர்கள் பேசியதுதான் பெரும்பகுதி. நிலத்துக்காரர் வரப்பில் நின்று பேசுகிற சொற்கள் வாரம், குத்தகை, மூட்டை, விலை. சேற்றையும் தண்ணீரையும் பற்றிய சொற்கள் அதில் கால் வைத்தவர்களிடம்தான் இருக்கின்றன.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு சம்பள வேலையைப் பழிப்பது ஒரு விதத்தில் நன்றிகெட்ட காரியம். உ.வே. சாமிநாதையர் இந்த ஊர்க் கல்லூரியில் 1880இல் வேலைக்கு வந்தார். அந்த வருஷமே சேலம் இராமசுவாமி முதலியார் முனிசீப்பாக இங்கே வந்து, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டு அவரைக் கலக்கிவிட்டார். 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறுகிறவரைக்கும் வகுப்பு நடத்திக்கொண்டே செய்தவை இவ்வளவும். இதே ஊரில் படித்து வளர்ந்த ராமானுஜன், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. அடுத்த ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது தன் குமாஸ்தா உத்தியோகத்தையும் சம்பளத்தையும் சொல்லித்தான் ஆரம்பித்தார்.

மறுபக்கமும் உண்டு. கு.ப. ராஜகோபாலன் மேலூர் தாலுகா ஆபீஸ் வேலையைக் கண் கெட்டதால் விட்டார். கண் திரும்பியது, வேலை திரும்பவில்லை. எழுதியே பிழைக்கப் பார்த்து 1944இல் நாற்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். எம்.வி. வெங்கட்ராமுக்கு ஜரிகை வியாபாரம் சோறு போட்டது. அது நொடித்தபோது எத்தனையோ சின்னச் சின்ன வாழ்க்கை வரலாறுகளைப் பணத்துக்காக எழுதித் தள்ள வேண்டியிருந்தது. காஃப்காவுக்கு ப்ராகில் இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து 1922 ஜூலையில் பென்ஷன் கிடைத்தது. 'கோட்டை' நாவலை அந்த செப்டம்பரிலேயே பாதியில் விட்டுவிட்டார். இதிலிருந்தெல்லாம் ஒரு விதி வகுக்க முடியாது. உ.வே.சா. 1919இல் ஓய்வுபெற்று, எண்பதைத் தாண்டி 1937இல் குறுந்தொகை கொண்டுவந்தார். ஆனால் அவருடைய சொற்கள் ஓலையில் இருந்தன. ஓலை ரிடையர் ஆவதில்லை, கரையான் வந்தால் தவிர.

என்னுடைய சொற்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறவர்களிடம் இருக்கின்றன. அடுத்த ஜூனோடு ஜன்னல் இல்லை. இதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். முப்பது வருஷம் எதை விட்டு ஓட வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேனோ அது கழன்றுகொள்ளப் போகிற சமயத்தில் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொறுப்புச் செயலாளராக உள்ளறைக்குப் போகச் சொன்னபோது மறுத்துவிட்டேன். சோம்பேறி என்றும், பொறுப்புக்குப் பயந்தவன் என்றும் பேசிக்கொண்டார்கள். உள்ளறையில் ஜன்னல் கிடையாது என்பதை யாரிடம் சொல்ல முடியும்?

2025 ஜூன் கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டேன். பெரியவரின் மருமகனோடு ராத்திரி வரப்பில் போய் நின்றேன். வாய்க்காலில் நுங்கும் நுரையுமாக வந்திருந்தது. மடையைத் திறந்துவிட்டார். டார்ச்சை அணைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் தவளைச் சத்தம்தான். பிறகு காலடியிலிருந்து ஆரம்பித்தது. அடுப்பில் பெரிய பானை கொதி வருவதற்கு முன்னால் வருகிற சத்தம் என்று சொல்லலாம், ஆனால் குளிர்ச்சியாக. ஒரு இடத்திலிருந்து இல்லை, இரண்டு மா முழுக்க. அரைமணி நேரம் இருந்தது. சொல் ஞாபகத்துக்கு வரும் என்று நின்றேன். வரவில்லை. மருமகன், "மாமா இதுக்கு என்னமோ சொல்லுவாரு" என்றார். அவருக்கும் தெரியவில்லை.

போன வாரம் பெரியவரின் மகள் நகைக்கடனுக்கு வட்டி கட்ட வந்தாள். ரசீது எழுதிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டேன். எப்போதும் சிரித்துக்கொண்டே போய்விடுகிறவள், இந்தத் தடவை நின்றாள்.

"ஏன் சார், எங்கம்மாவக் கேட்டீங்களா?"

அம்மா இருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. அவர் செத்த பிறகு திருத்துறைப்பூண்டிப் பக்கம் மூத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். அதே பண்ணையில் நாற்பது வருஷம் நாற்றுப் பறித்து நட்டவள். அவர் தண்ணீர் கட்டின வயலில்தான் இவள் இறங்கி நட்டிருக்கிறாள். நாலு வருஷமாக நாற்பது ஊரில் ஆண்களைத் தேடித் தேடிக் கேட்டிருக்கிறேன். நோட்டில் நடவுச் சொற்கள் என்று ஒரு பகுதியே இருக்கிறது, அதில் பாதிகூட நடவுக்காரப் பெண்களிடம் நேரில் கேட்டதில்லை, அவர்கள் வீட்டுக்காரர்கள் சொன்னது. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

"காது கொஞ்சம் மந்தம். சத்தமாக் கேக்கணும். காலையில போங்க, மத்தியானம் தூங்கிடும்" என்றாள். விலாசத்தை ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். எழுதி முடிக்கிறவரைக்கும் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். மன்னார்குடி வழியாகப் போகிற முதல் பஸ்.